சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

எனக்குச் சர்க்கரை வந்து 22 வருடம் ஆகிறது. அதில் 20 வருடம் அதைப் பார்த்துக்கொண்டவள் என் மனைவி. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், எப்போது ரத்தம் கொடுக்கப் போக வேண்டும், எல்லாம் அவள் தலையில் இருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை இருக்கும், எடுத்துப் போட்டுக்கொள்வேன். அதன் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. முப்பத்து மூன்று வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார், ஆனால் சொந்த உடம்பின் கணக்கை ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. 2023 தை மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்து எல்லோரும் ஊருக்குக் கிளம்பிய பிறகு, அலமாரியில் இருந்த அவளுடைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். உள்ளே பதினோரு அட்டை மாத்திரை. எது எதற்கு என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். துக்கம் பாதி, பயம் பாதி.

கும்பகோணத்தில் சொந்த வீடு. மகன் பெங்களூரு, மகள் கோயம்புத்தூர். இருவருமே கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. இங்கே தெருவில் நடந்தால் பத்துப் பேர் "வணக்கம் சார்" என்பார்கள், அங்கே எட்டாவது மாடியில் யாரைத் தெரியும்? தனியாகச் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆறே மாதத்தில், ரத்தத்தில் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c என்கிற டெஸ்ட்) 9.4க்குப் போய்விட்டது. இங்குள்ள டாக்டர் இன்சுலின் எழுதினார், காலை 16 யூனிட், இரவு 8. போட்டுக்கொள்ளச் சொல்லித் தந்தது ஒரு நர்ஸம்மா, மூன்று நிமிடம். வயிற்றில் மடிப்பைப் பிடித்துக் காட்டினார், அவ்வளவுதான். அதற்குள் வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் தடவை இன்சுலின் எழுதினால், அவர்கள் போட்டுக் காட்டுவதைப் பார்த்துவிட்டு வராதீர்கள். அவர்கள் எதிரில் நீங்கள் உங்கள் கையால் மருந்தை ஏற்றி, போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள். பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும்.

ஒரு வருடம் ஏதோ ஓடியது. இரண்டு வேளை ஊசியில் ஒரு வேளை மறந்துபோகும். மகள் பிடிவாதமாகத் தஞ்சாவூரில் ஒரு சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் நல்லபடியாகத்தான் பார்த்தார். இரண்டு வேளை வேண்டாம், இரவு மட்டும் ஒரே ஊசி, கிளார்ஜின் என்று ஒரு மருந்து, 12 யூனிட் என்றார். "பேனா மாதிரி வருகிறது, வசதியாக இருக்கும்" என்றும் சொன்னார். நான்தான் விலையைக் கேட்டுவிட்டு, "எனக்கு ஊசி பழகிவிட்டது டாக்டர், பாட்டிலாகவே எழுதுங்கள்" என்றேன். மாதம் முந்நூறு, நானூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். அந்த மிச்சம் எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மருந்துக் கடையில் பாட்டிலைக் கொடுத்தார்கள். "ஊசி வேண்டுமா சார்?" என்றார் கடைப் பையன். வீட்டில் பழைய ஊசி பதினைந்துக்கு மேல் இருந்தது, வேண்டாம் என்றேன். அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. சீட்டில் 12 யூனிட் என்று மட்டும்தான் இருந்தது. இந்த இடத்தில் யாராவது ஒருவர், டாக்டரோ கடைக்காரரோ நானோ, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

விஷயம் இதுதான். நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் இரண்டு வீரியத்தில் வருகிறது. ஒன்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், இன்னொன்றில் 100 யூனிட். இரண்டு பாட்டிலும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஊசியும் அதற்கேற்ப இரண்டு வகை. 40க்கு உள்ள ஊசிக்குச் சிவப்பு மூடி, 100க்கு உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. பழைய மருந்து 40, என் ஊசிகள் சிவப்பு. புது மருந்து 100. நான் அதே சிவப்பு மூடி ஊசியில் 12 கோடு வரை ஏற்றினேன். அந்த ஊசியில் 12 கோடு என்பது 0.3 மில்லி. 100 வீரிய மருந்தில் 0.3 மில்லி என்றால் 30 யூனிட். டாக்டர் சொன்ன அளவைப்போல் இரண்டரை மடங்கு. ஏழாம் வகுப்பு விகிதக் கணக்கு. நானே எத்தனை பிள்ளைகளுக்கு இதைத் தப்பாகப் போட்டதற்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருப்பேன்!

முதல் இரவு வியாழக்கிழமை. ஐப்பசி மாதம், வெளியே நல்ல மழை. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தேன், பனியன் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போல நனைந்திருந்தது. கரண்ட் இல்லை, புழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஐப்பசி மழையில் என்ன புழுக்கம்? அது தோன்றவில்லை. காலையில் சுகர் 81. வெள்ளிக்கிழமையும் இரவில் வியர்வை, காலையில் தலைவலி, சுகர் 72. எனக்கு ஒரே பெருமை. மகளுக்குப் போன் போட்டு, "பார்த்தாயா, இரண்டே நாளில் சென்டம் வாங்கின மாதிரி குறைந்துவிட்டது" என்றேன். அவளும் சந்தோஷப்பட்டாள். மகாமகக் குளத்தங்கரையில் நடக்கிற நண்பர்களிடமும் சொன்னேன். அங்கே ஒவ்வொருவரும் தங்கள் சுகர் அளவை மார்க் சொல்வது மாதிரிதான் சொல்வோம், குறைவாக இருப்பவர் முதல் ரேங்க். குறைந்தால் நல்லது என்பது எங்கள் மண்டையில் அப்படி ஏறியிருக்கிறது. 70க்குக் கீழே போனால் அது ஆபத்து, 54க்குக் கீழே போனால் பெரிய ஆபத்து என்று ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. வெந்தயம், பாகற்காய், கருஞ்சீரகம் என்று ஆயிரம் வைத்தியம் தெரியும், இது தெரியாது.

சனிக்கிழமை இரவு எனக்குப் பலகாரம்தான், அவள் இருந்தபோதிருந்தே வழக்கம். இரண்டு இட்லி, கொஞ்சம் மோர். ஊசியைப் போட்டுக்கொண்டு படுத்தேன். ராத்திரி எழுந்து பாத்ரூம் பக்கம் போனது நினைவிருக்கிறது. விழுந்தது நினைவில்லை. அப்புறம் நினைவில் இருப்பதெல்லாம் துண்டு துண்டாகத்தான். கன்னத்துக்குக் கீழே தரை ஜில்லென்று இருந்தது. ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. நான் பரீட்சை ஹாலில் இருக்கிறேன், மணி அடிக்கவில்லை, பிள்ளைகள் பேப்பரைக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். அடுப்படியில் அவள் பாத்திரம் தேய்க்கிற சத்தம். கூப்பிட வாய் வரவில்லை. கட்டிலில் போன் அடித்தது, அல்லது அடித்ததாகத் தோன்றியது. எழுந்து எடுக்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை என்பதை இப்போது நினைத்தால்தான் உடம்பு நடுங்குகிறது. சர்க்கரை அந்த அளவுக்கு இறங்கினால் மூளை உதவிக்கு வராது. "அப்படி வந்தால் கொஞ்சம் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொள்வேன்" என்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அந்த நேரத்தில் சர்க்கரை டப்பா எங்கே என்பது உங்களுக்குத் தெரியாது.

காலை ஆறேகாலுக்குப் பால்காரம்மா வந்திருக்கிறார். தினமும் நான் வாசலில் நிற்பேன், அன்று இல்லை. மணி அடித்திருக்கிறார், ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார், என் கால் தெரிந்திருக்கிறது. கத்தி ஆட்களைக் கூப்பிட்டார். உள்ளே தாழ்ப்பாள், அதற்கு மேல் ஒரு கொண்டி, திருடன் பயத்தில் நானே போட்டது. எதிர்வீட்டுத் தம்பியும் ஆட்டோக்காரரும் கதவை உடைத்தார்கள். ஒருவர் பக்கவாதம் என்றாராம், ஒருவர் மாரடைப்பு என்றாராம், ஒரு பெரியவர் வாயில் சோடா ஊற்றச் சொன்னாராம். நல்லவேளை யாரும் ஊற்றவில்லை. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று பிறகு டாக்டர் சொன்னார். விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தால் மட்டும்தான் சர்க்கரைத் தண்ணீர், இல்லையென்றால் நேராக 108. ஆம்புலன்ஸில் வந்தவர் விரலில் குத்திப் பார்த்தார், சுகர் 36. கையில் ஊசி ஏற்றி குளுக்கோஸ் விட்டதும் பத்து நிமிடத்தில் கண் விழித்தேனாம். முதலில் நான் கேட்டது, "பெல் அடிச்சாச்சா?" என்பதுதான் என்று பால்காரம்மா இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த மருந்து ஒரு நாள் முழுக்க வேலை செய்வது, அதனால் ஒரு பாட்டில் குளுக்கோஸோடு அனுப்ப முடியாது, மறுபடி மறுபடி இறங்கும் என்று நான்கு நாள் வைத்துக்கொண்டார்கள். எப்படி இவ்வளவு இறங்கியது என்று டாக்டர்களுக்கே முதலில் புரியவில்லை. வயதாகிவிட்டது, இரண்டு தடவை போட்டிருப்பார் என்று என் எதிரிலேயே மகளிடம் பேசிக்கொண்டார்கள். அந்த வார்த்தை கை முறிவைவிட வலித்தது. மறுநாள் மகள் வீட்டிலிருந்து மருந்துப் பையைக் கொண்டுவந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, ஒரு நர்ஸ் பெண், பாட்டிலையும் ஊசியையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இந்த ஊசியிலயா இந்த மருந்தைப் போட்டீங்க?" என்றாள். எனக்கு அரை நொடியில் புரிந்துவிட்டது. அவள் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நான் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை 46,800 ரூபாய். பென்ஷனில் மாதாமாதம் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள், ஆனால் அந்த மருத்துவமனை பட்டியலில் இல்லை, கையிலிருந்துதான் கட்டினோம். கதவுக்கு 2,700. வலது கையில் ஆறு வாரம் மாவுக்கட்டு, ஊசி போட முடியாது, வீட்டுக்கு வந்து போட்டுவிட ஒரு நர்ஸ், நாளுக்கு 250, 42 நாளுக்கு 10,500. சமையலுக்கு ஆள் 4,500. மொத்தம் 64,500. மகள் பன்னிரண்டு நாள் லீவு எடுத்தாள், அதற்குக் கணக்கு போட எனக்கு மனம் வரவில்லை. பேனா வாங்கியிருந்தால் மாதம் நானூறு கூடுதல். பதின்மூன்று வருடத்துக்குப் பேனா வாங்கியிருக்கலாம்.

இப்போது பேனாதான். திருகினால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 'டிக்' என்று சத்தம் வரும். எனக்கு இடது கண்ணில் புரை, பூதக்கண்ணாடி வைத்துக் கோட்டைப் பார்ப்பதைவிடக் காதால் எண்ணுவது சுலபம். புது ஊசி மாட்டியதும் இரண்டு யூனிட் காற்றில் விட்டுப் பார்க்கிறேன், சொட்டு வந்தால்தான் குத்துவது. அமுக்கிய பிறகு மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு எடுக்கிறேன். பாட்டிலும் ஊசியும்தான் கட்டுப்படியாகும் என்றால் அதில் ஒரு தப்பும் இல்லை, பாட்டிலில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். மருந்து மாறினால் வீட்டில் இருக்கும் பழைய ஊசிகளை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். மிச்சம் பார்க்காதீர்கள்.

போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் தனியாக இருப்பவர்களுக்குத் தினமும் வரும். சந்தேகத்தில் இன்னொரு தடவை போட்டுவிடவே கூடாது. இதற்கு நான் கண்டுபிடித்த வழி தினசரி காலண்டர். பேனாவைக் காலண்டர் ஆணியிலேயே ஒரு பையில் தொங்கவிட்டிருக்கிறேன். ஊசி போட்டதும் அன்றைய தாளில் யூனிட்டை எழுதிவிடுவேன். தாளில் எண் இருந்தால் போட்டாச்சு. காலையில் அந்தத் தாளைக் கிழித்து ஒரு கிளிப்பில் சேர்க்கிறேன், பின்பக்கம் காலைச் சுகர். டாக்டரிடம் போகும்போது அந்தக் கத்தையைத்தான் எடுத்துப் போகிறேன். முதல் தடவை அவர் சிரித்தார், பிறகு ராகு காலம், எமகண்டத்தோடு சேர்த்து ஒவ்வொன்றாகப் படித்தார். திறந்த பேனா நான்கு வாரம் வெளியில் இருக்கலாம், அறை ரொம்பச் சூடாக இருக்கக்கூடாது. சித்திரை, வைகாசியில் மண்பானைத் தண்ணீரின் மேல் ஒரு கிண்ணத்தில் வைக்கிறேன். திறக்காதவை ஃப்ரிட்ஜில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இல்லாமல். உறைந்த மருந்து திரும்ப உருகினாலும் குப்பைக்குத்தான்.

இன்னொரு விஷயம் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. சர்க்கரை இறங்கும்போது படபடப்பு, கை நடுக்கம் வரும் என்பார்கள். எனக்கு வரவேயில்லை. காரணம் நான் ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மெட்டோப்ரோலால். அந்த வகை மாத்திரை படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடுமாம், வியர்வையை மறைக்காதாம். ஆக எனக்கு இருந்த ஒரே அறிகுறி வியர்வை, அதைத்தான் புழுக்கம் என்று துடைத்துப் போட்டேன். காரணமில்லாமல் வியர்த்தால் இப்போது முதலில் விரலில் குத்திப் பார்க்கிறேன். ஸ்ட்ரிப் ஒன்று இருபது ரூபாய் என்று முன்பெல்லாம் தயங்குவேன். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணீரில், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. ஏறவில்லையென்றால் மறுபடி மூன்று ஸ்பூன். ஏறினபிறகு இரண்டு பிஸ்கட். சாக்லேட், கடலை மிட்டாய் உதவாது, அதில் உள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். மூன்று ஸ்பூன் குளுக்கோஸை அளந்து சின்ன டப்பாவில் போட்டுத் தலைமாட்டில் ஒன்று, சட்டைப் பையில் ஒன்று. விரலில் குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். போன வைகாசியில் மாம்பழம் சாப்பிட்ட கையோடு பார்த்து 340 என்று வந்து, அரை மணி நேரம் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கழுவிவிட்டுப் பார்த்தால் 168.

தஞ்சாவூர் டாக்டர் என் சர்க்கரை இலக்கையும் மாற்றிவிட்டார். மூன்று மாத சராசரி 7க்குக் கீழே என்று நாற்பது வயதுக்காரர் ஓடலாம், எழுபதைத் தாண்டி தனியாக இருக்கும் நீங்கள் 8க்குள் இருந்தால் எனக்குப் போதும் என்றார். சிறுநீரக டெஸ்ட்டைப் பார்த்துவிட்டு காலையில் போட்ட க்ளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டார். உங்கள் டாக்டரிடமும் இந்த வயதுக்கு எவ்வளவு இருந்தால் போதும் என்று வாய் விட்டுக் கேளுங்கள். குறைக்கச் சொல்லத்தான் எல்லோரும் இருக்கிறார்கள்.

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் அரசு ஆரம்பித்ததே, வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற திட்டம், அதில் எங்கள் தெருவுக்கு வரும் பெண்ணை நான் இரண்டு தடவை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். பென்ஷன் வாங்குகிறவனுக்கு எதற்கு என்ற கௌரவம். கையில் கட்டோடு நான் வீடு திரும்பிய வாரம், அவரே வந்து, "சார், மாத்திரை வேண்டாம்னா பரவாயில்லை, பிரஷராவது பார்த்துட்டுப் போறேன்" என்றார். இப்போது அவர் வரும் நாளைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். போன மாதம் என் வலது காலின் கீழே, எனக்கே தெரியாமல் இருந்த ஒரு சின்னக் கொப்புளத்தைப் பார்த்துச் சொன்னது அவர்தான். குனிந்து பாதத்தைப் பார்க்க முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் மேல் காலை நீட்டிப் பார்க்கலாம், அதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். மாத்திரைகளை இப்போது முதல்வர் மருந்தகத்தில் வாங்குகிறேன், செலவு நன்றாகவே குறைந்திருக்கிறது.

கொண்டியைக் கழற்றிவிட்டேன். வெளியிலிருந்தும் சாவியால் திறக்கிற பூட்டு, ஒரு சாவி எதிர்வீட்டில். கதவின் உள்பக்கம் ஒரு அட்டை: என் மருந்துகள், அளவு, மகள் எண், 108, காப்பீட்டுப் பட்டியலில் உள்ள பக்கத்து மருத்துவமனையின் பெயர். காலை ஆறரைக்குள் மகளுக்கு ஒரு மிஸ்டு கால், வரவில்லையென்றால் அவள் எதிர்வீட்டுக்குப் பேசுவாள். ஆரம்பத்தில் இது எனக்குப் பிடிக்கவே இல்லை, தினம் அட்டெண்டன்ஸ் கொடுப்பது மாதிரி இருந்தது. நானே முப்பத்து மூன்று வருடம் எடுத்த அட்டெண்டன்ஸ்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

போன வாரம் பால்காரம்மா ஒரு துணிப்பையோடு வந்தார். அவர் மாமியாருக்கு இன்சுலின் எழுதியிருக்கிறார்கள். "சார், ஒரு தடவை பார்த்துடுங்க" என்று திண்ணையில் எடுத்து வைத்தார். பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பாட்டிலைப் பார்த்தேன், 40. ஊசியின் மூடி சிவப்பு. ஊசி மேலேயும் 40 என்று அச்சடித்திருந்தது. சரியாக இருந்தது, இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்தேன். அதை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தபோது, "பெரிசா எழுதுங்க சார், கிழவிக்குக் கண்ணு தெரியாது" என்றார். அட்டையைத் திருப்பி, முழுப் பக்கத்துக்கும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் 40 என்று எழுதிக் கொடுத்தேன்.